நலங்கு மஞ்சள் கறையை எப்படி எடுக்கிறீர்கள்?

பிரைடல் மேக்கப் செய்கிறவர்களிடம் ஒரு சந்தேகம். பொண்ணுக்கு மாலையில் நலங்கு, மறுநாள் காலை 4.30–6 முகூர்த்தம். கறை பிடிக்காத கஸ்தூரி மஞ்சள் போதும் என்றால் பாட்டி கேட்கவில்லை, விரலி மஞ்சள்தானாம்!

மஞ்சள் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். அதனால் முதலில் கிளென்சிங் ஆயிலை உலர்ந்த முகத்தில் 2 நிமிடம் தேய்த்து, ஈரத்துணியால் ஒற்றி எடுப்பதாகத் திட்டம். ஸ்க்ரப் வேண்டாம், தோல் உரிந்தால் ஃபவுண்டேஷன் திட்டுத் திட்டாய் நிற்கும்.

சிக்கலே முடியோரமும் புருவமும்தான். அங்கே லேசில் விடாது. மஞ்சளை மறைக்கப் போடும் லாவெண்டர் கரெக்டர் (இளம் ஊதா நிற கிரீம்) கொஞ்சம் கூடினாலும் மாநிறத்தில் சாம்பல் தட்டுகிறது. நலங்குக்கு முன்பே அந்த ஓரத்தில் ஏதாவது தடவிவிடலாமா? பரு வரும் எண்ணெய்ச் சருமம், தேங்காய் எண்ணெய் ஆகாது. வாசலின் தடவியவர்கள் யாராவது இருந்தால், காலையில் மேக்கப் பேஸ் வழுக்காமல் நின்றதா, சொல்லுங்களேன்.