“நீங்கள் எந்தப் பத்திரிகை?”: தில்லித் தமிழர்களின் அனுபவப் பகிர்வு

மயூர் விஹார், முன்னாள் தில்லி நிருபர்

சென்னையிலிருந்து வரும் தலைவர்கள், மத்திய அமைச்சர்களிடம் மனு கொடுத்த கையோடு, தமிழ்நாடு இல்லத்தில் தமிழ் நிருபர்களைச் சந்திப்பது நெடுநாளைய வழக்கம். ஒரு தமிழ் நாளிதழுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சந்திப்புகளுக்குப் போயிருக்கிறேன். ஒருமுறை, வெள்ள நிவாரண நிதியைத் தில்லி தரவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்த ஒரு தலைவரிடம், முந்தைய ஆண்டு வந்த தொகை செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பப்பட்டுவிட்டதா என்று கேட்டேன். பதில் வரவில்லை, “நீங்கள் எந்தப் பத்திரிகை?” என்ற கேள்விதான் வந்தது. பெயரைச் சொன்னேன். “அதானே பார்த்தேன்” என்றார். சுற்றி நின்ற கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். என்னோடு அன்றாடம் தேநீர் குடிக்கிற சக நிருபர்கள் இருவரும் சிரித்தார்கள் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அடுத்த முறை அவர் வந்தபோது எனக்கு அழைப்பு வரவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. தொலைபேசியில் சொல்லவேண்டியவர் சொல்ல மறந்துவிட்டார், அவ்வளவுதான். அதே மாதத்தில் ஓர் அரசு விழாவுக்கான முழுப்பக்க விளம்பரம் மற்ற நாளிதழ்களில் வந்தது, எங்களுக்கு வரவில்லை. கேள்விக்கும் விளம்பரத்துக்கும் முடிச்சுப் போட என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆசிரியர் மட்டும் தொலைபேசியில், “கேள்வி சரியானதுதான், அதை அங்கே கேட்டிருக்க வேண்டாம்” என்றார். தலைவரைக் கேட்கவேண்டியதைத் தலைவர் முன்னால் கேட்காமல் வேறெங்கே கேட்பது என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்களோடு இப்படி உரசிய அனுபவம் உள்ளவர்கள், எந்தப் பக்கத்தில் இருந்தவர்களானாலும் சரி, எழுதுங்கள்.

கரோல் பாக், ஓய்வு பெற்ற பிழை திருத்துநர்

தம்பிக்குக் கேள்வி கேட்கவாவது வாய்த்தது. 1975 ஜூன் 25 இரவு, பகதூர் ஷா ஜாஃபர் மார்க்கில் ஓர் ஆங்கில நாளிதழின் பிழை திருத்தும் மேசையில் நான் இருந்தேன். வயது இருபத்து மூன்று. நள்ளிரவில் மின்சாரம் போனது. தில்லிக் கோடையில் அது ஒன்றும் புதிதல்ல என்பதால், விசிறிக்கொண்டே காத்திருந்தோம். தெரு முழுவதும், அதாவது தில்லியின் பெரும்பாலான நாளிதழ்கள் அச்சாகும் அந்தத் தெரு முழுவதும், இருண்டு கிடக்கிறது என்று காவலாளி வந்து சொன்னபோதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. காலையில் தேநீர்க்கடை வானொலியில் பிரதமர் இந்திரா காந்தியின் குரலைக் கேட்டே நெருக்கடி நிலை வந்ததை அறிந்தோம். கன்னாட் பிளேஸ் பகுதியில் அச்சகம் வைத்திருந்த ‘ஸ்டேட்ஸ்மன்’, ‘ஹிந்துஸ்தான் டைம்ஸ்’ ஆகிய இரண்டும் மட்டும் அன்று வெளிவந்தன; அங்கே மின்சாரம் வழங்கியது வேறு நகராட்சி அமைப்பு. விசையை அணைக்கச் சொன்னவர்கள் அதை நினைவில் வைத்திருக்கவில்லை போலும்.

அதன்பின் முன்தணிக்கை வந்தது. புரூஃப் தாள்களை எடுத்துக்கொண்டு பையன் சைக்கிளில் தணிக்கை அலுவலகத்துக்குப் போவான். முத்திரையோடு திரும்பி வந்தால்தான் பக்கம் ஏறும். ஜூன் 28 அன்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்க இடத்தை வெறுமையாக விட்டது. வெற்றிடம் விடுவதே குற்றம் என்று பிறகு சொன்னார்கள். எங்கள் பக்கங்களைத் தணிக்கை செய்த அதிகாரியை எனக்குத் தெரியும். கரோல் பாக்கில் நம்மவர் கடையில் காப்பிப்பொடி வாங்க வருவார். கெட்ட மனிதர் அல்லர். சிவப்புப் பென்சிலை எடுக்குமுன் மூக்குக்கண்ணாடியை நெடுநேரம் துடைப்பார் என்று பையன் சொல்வான். 1976 ஏப்ரலில் துருக்மான் வாயிலில் வீடுகளை இடித்தபோது, துப்பாக்கிச் சூடு நடந்த இடம் எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவு. போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் மேசைமேல் உட்கார்ந்து விடியும்வரை பேசினார்கள். ஒரு வரிகூட எழுதவில்லை.

தொடக்கத்தில் திரும்பி வரும் தாள்கள் ரத்தக் களரியாக இருக்கும். சில மாதங்களில் சிவப்புக் கோடுகள் குறைந்துவிட்டன. அவர் இளகிவிட்டார் என்றே எண்ணினேன். அடிக்கவேண்டியதை எங்கள் ஆட்களே எழுதாமல் விடத் தொடங்கியிருந்தார்கள் என்பது, பிழை திருத்தப் போதுமான வேலை இல்லாமல் நான் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் உறைத்தது.

ஆர்.கே.புரம், வழக்கறிஞர்

பெரியவர் சொன்ன சிவப்புப் பென்சில் இப்போது நீதிமன்றச் சம்மனாக வருகிறது. தனி மனிதர் அவதூறு வழக்குப் போட்டால், தம் செலவில் மாஜிஸ்திரேட் முன் நின்று மெய்ப்பிக்கவேண்டும். அமைச்சரின் அலுவல் சார்ந்த அவதூறு என்றாலோ, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199(2) பிரிவின்படி, அரசு வழக்கறிஞரே நேரடியாகச் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மனு போடலாம். செலவு மக்கள் வரிப்பணம், அலைச்சல் நிருபருடையது.

தமிழ்நாட்டு மாவட்டச் செய்தியாளர் ஒருவர் வழக்குக் கட்டோடு என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். மருத்துவமனையில் மருந்து இல்லை என்று அவர் எழுதிய செய்தி எட்டு வரி. மனு நாற்பது பக்கம். “தண்டனை கிடைக்காது என்று தெரியும் சார், ஆனால் வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்குப் பேருந்துக் கட்டணம் யார் கொடுப்பார்கள்?” என்றார். ஈராண்டுச் சிறை என்ற சட்டத்தின் மிரட்டலைவிடப் பேருந்துக் கட்டணம் அவரை அதிகம் அச்சுறுத்தியது.

2016 மே மாதம், குற்றவியல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில், ஐந்தாண்டுகளில் தமிழ்நாடு அரசு போட்டிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகளின் பட்டியல் அதே நீதிமன்றத்தின் முன் வந்தபோது, பொதுவாழ்வில் இருப்பவர் விமர்சனத்தைத் தாங்கவேண்டும் என்று நீதிபதிகள் கடிந்துகொண்டார்கள். கத்தி செல்லும், ஆனால் குத்தாதே என்பதுபோல எனக்குத் தோன்றியது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஆசிரியர்கள் பலர்மீதான அத்தகைய வழக்குகளை ரத்து செய்தது. என்னிடம் வந்தவர் அதற்குள் தொழிலை விட்டுவிட்டு, ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்.

லோதி காலனி, ஓய்வு பெற்ற தகவல் துறை அதிகாரி

எதிர்ப்பக்கத்தில் இருந்தவன் என்பதால் முதலில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அமைச்சர் “பரிசீலிக்கிறோம்” என்று சொன்னது மறுநாள் “முடிவு செய்துவிட்டோம்” என்று முதல் பக்கத்தில் வந்தது. நாங்கள் அனுப்பிய மறுப்பு ஒன்பதாம் பக்கத்தில், திருமண விளம்பரங்களுக்கு நடுவே இரண்டு அங்குலமாக வந்தது. அதன் பிறகு அவர் நிருபர்களைப் பார்க்கவே மறுத்துவிட்டார் என்றால், தவறு முழுவதும் அவருடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மத்திய அமைச்சக அலுவலகங்கள் இருக்கும் சாஸ்திரி பவனில் என் காலை வேலை, அமைச்சரின் மேசைக்குச் செய்தி நறுக்குக் கோப்பைத் தயாரிப்பது. பாராட்டு மேலே, கண்டனம் அடியில் என்பது எழுதப்படாத விதி. அமைச்சர் மேலே உள்ள நான்கைந்து தாள்களைத்தான் புரட்டுவார். ஒரு நாள் அடியில் இருந்த நறுக்கு ஒன்று எப்படியோ அவர் கண்ணில் பட்டு, அறையில் இருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு கசப்பான நறுக்குகளைக் கோப்பில் சேர்ப்பதையே நிறுத்திவிட்டேன். யாரும் ஆணையிடவில்லை. இரண்டு மாதம் கழித்து, நான் ஒதுக்கிவைத்திருந்த ஒரு செய்தியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மக்களவையில் துணைக் கேள்வி எழுப்பினார். அமைச்சர் பதில் தெரியாமல் திரும்பி, அதிகாரிகள் மாடத்தில் இருந்த என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மறப்பதற்கில்லை. பத்திரிகையிடமிருந்து அவரைக் காப்பாற்றுவதாக எண்ணி, அவருடைய துறையில் நடப்பது அவருக்கே தெரியாமல் செய்திருந்தேன்.

2019 ஜூலையில், அங்கீகார அட்டை வைத்திருக்கும் நிருபர்களும் முன் அனுமதி பெற்றே நிதி அமைச்சகத்துக்குள் வரலாம் என்ற நடைமுறை வந்தபோது, நான் ஓய்வு பெற்றிருந்தேன். தாழ்வாரத்தில் நிருபர்கள் எங்களிடம் செய்தி கறந்தார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாங்களும் அவர்களிடம் கறந்தோம். அரசுக்குள் நடப்பதில் பாதியை எனக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

முனிர்கா, மென்பொருள் பணியாளர்

நான் நிருபரும் அல்ல, அதிகாரியும் அல்ல. சந்தா கட்டிப் படிப்பவள். 2025 பிப்ரவரி 15 அன்று என் கைப்பேசியில் விகடன் இணையதளம் திறக்கவில்லை. வேலைப் பழக்கத்தால் முதலில் இணைய இணைப்பைச் சோதித்தேன். பிறகு மதுரையில் இருக்கும் அம்மாவை அழைத்தேன், அங்கே திறந்தது. அமெரிக்க அதிபர் முன் பிரதமர் விலங்கிடப்பட்டு அமர்ந்திருப்பதாக வரையப்பட்ட கேலிச்சித்திரத்தைக் குறித்த புகார்தான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. ஒரு படத்துக்காக ஒரு தளம் முழுவதும் மூடப்பட்டது. அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கிவிட்டால் முடக்கத்தை விலக்கவேண்டும் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

அம்மாவுக்கு வியப்பே இல்லை. 1987இல், அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காகச் சட்டமன்றம் ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்ததையும், எதிர்ப்பு கிளம்பவே அவரைச் சில நாள்களில் விடுவித்ததையும் சொன்னாள். “அப்போது ஆசிரியரைத்தான் உள்ளே வைத்தார்கள், இதழ் கடையில் கிடைத்தது” என்றாள்.

மயூர் விஹார், முன்னாள் தில்லி நிருபர்

அதிகாரி ஐயா எழுதியதைப் படித்தபின், என்னை அழைக்க மறந்த அந்த உதவியாளர்மீது இருந்த கோபம் சற்றுத் தணிந்தது. தலைவர்மீது தணியவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சென்ற மாதம் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், மறுநாள் தமிழ்நாடு இல்லத்தில் கேட்கப்போகும் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, சரிபார்த்துத் தரும்படி கேட்டார். ஆறு எழுதி, நான்காவதை அடித்திருந்தார். அடித்தலுக்கு அடியில் எழுத்து தெரிந்தது. ஆறில் அது ஒன்றுதான் கேள்வி, மற்றவை தலைவர் ஏற்கெனவே சொல்லவிருப்பதைச் சொல்லவைப்பவை. ஏன் அடித்தீர்கள் என்றேன். “அதைக் கேட்டால் எந்தப் பத்திரிகை என்று கேட்பார்கள் சார்” என்றார். ஐந்து கேள்விகளிலும் ஒற்றுப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். நான்காவதைக் கேட்கச் சொல்லி நானும் சொல்லவில்லை.