ரெஃப்ரியைத் தள்ளினதுக்கு இரண்டு வருடத் தடை நியாயமா?

நீரோடிக்காரன்:

எங்கள் ஊர் கால்பந்து டீமுக்கு மேனேஜர் நான். மேனேஜர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். டெம்போ பிடிப்பது, ஜெர்சி துவைப்பது, பரிசுக் காசைப் பங்கு வைப்பது, அவ்வளவுதான். போன மாதம் பொழியூர் பக்கம் ஒரு செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர்) டோர்னமென்ட், அரையிறுதி. கடைசி நிமிடத்தில் எங்கள் ஃபார்வர்டை பெனால்டி பாக்ஸுக்குள் வாரிவிட்டார்கள். ரெஃப்ரி ஒன்றுமில்லை, ஆடு என்று கையை வீசிவிட்டார். விழுந்த பையனுக்கு வயது 19. எழுந்து ஓடிப்போய் இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் தள்ளினான். மனுஷன் மணலில் உட்கார்ந்துவிட்டார். தப்புதான், மறுக்கவில்லை. சிவப்பு அட்டை காட்டினார்கள், நாங்களும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டோம்.

அடுத்த ஞாயிறு கமிட்டிக் கடிதம் வந்தது. இரண்டு வருடம் எந்த டோர்னமென்டிலும் ஆடக்கூடாது, காலைப் பயிற்சிக்குக்கூட மைதானத்தில் கால் வைக்கக்கூடாது. தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற மற்ற கமிட்டிகளும் ஒத்துக்கொண்டுவிட்டன. அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2023 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) நாக்அவுட்டில் என்ன நடந்தது? எதிரணியான பெங்களூருவின் சுனில் சேத்ரி போட்ட ஃப்ரீகிக் கோல் செல்லாது என்று கேரளா பிளாஸ்டர்ஸ் கோச் இவான் வுகோமனோவிச் மொத்த டீமையும் வெளியே கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம். 2012 டிசம்பர் கொல்கத்தா டெர்பியில் இடைவேளைக்குப் பிறகு ஆட வராத மோகன் பகானுக்கு அன்றைய தேசிய லீக்கான ஐ-லீக்கில் இரண்டு வருடத் தடை என்றார்கள். அடுத்த மாதமே அது 2 கோடி அபராதமும் புள்ளிக் குறைப்புமாகச் சுருங்கியது. பெரிய டீமுக்குப் பேச ஆள் இருக்கிறது.

எங்களுக்கு இரண்டு வருடம் என்றால் என்ன? தூத்தூர் ஆழ்கடல் மீன்பிடிப் படகில் ஏறினால் ஒரு தங்கலுக்கு, அதாவது ஒரு தடவை போய்த் திரும்ப, முப்பது நாள், நாற்பது நாள். காலையில் மைதானம் இல்லாதவன் படகில்தான் ஏறுவான். ஏறினவன் பந்துக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை. என்னோடு பாக் (தடுப்பாட்டம்) ஆடினவன் இப்போது படகில் டிரைவர், பந்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

அப்பீல் எழுத வேண்டும். என்ன எழுதலாம்?

பழைய விசில்:

பதினோரு வருடம் ரெஃப்ரியாக இருந்தவன் நான், பாறசாலைக்காரன். ‘தள்ளினான்’ என்று லேசாக எழுதிவிட்டீர்கள் அண்ணே. எங்களுக்குக் கிடைப்பது பெட்ரோல் காசு. சுற்றி ஆயிரம் பேர் நிற்கிறார்கள், நடுவில் ஒரு கயிறு. ஒருத்தன் கை வைத்துவிட்டால் அடுத்த கை எங்கிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? 2023 டிசம்பரில் துருக்கியில் அங்காராகுஜு கிளப்பின் தலைவரே உள்ளே வந்து ரெஃப்ரி முகத்தில் குத்தினார். கீழே விழுந்தவரை வேறு ஆட்கள் உதைத்தார்கள். லீக்கையே நிறுத்தி வைத்தார்கள், தலைவருக்கு ஆயுள் தடை. வுகோமனோவிச் யார் மேலும் கை வைக்கவில்லை. அவரை இதில் இழுக்காதீர்கள்.

ஃபிஃபா ஒழுங்கு விதியில் ரெஃப்ரியை மிரட்டினால் குறைந்தது 10 ஆட்டம், அடித்தால் குறைந்தது 15. தள்ளினதை எதில் சேர்ப்பது என்பதில்தான் உங்கள் அப்பீலே இருக்கிறது. விளக்கம் கேட்காமல் தண்டனை கொடுத்தது கமிட்டி செய்த தப்பு, அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஒன்று கேட்கிறேன். பையன் உங்களுக்குச் சொந்தமா?

நீரோடிக்காரன்:

பிடித்துவிட்டீர்கள். அக்காள் மகன். அன்றைக்குக் கயிற்றுக்கு வெளியே நின்று ‘விடாதே மக்கா’ என்று கத்தினது நான்தான். அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஷார்ஜா கொல்லங்கோடு:

1998-இல் ஷெஃபீல்ட் வெட்னஸ்டே ஆட்டக்காரர் பாவ்லோ டி கேனியோ இதே மாதிரிதான் ரெஃப்ரியின் நெஞ்சில் தள்ளினார். அந்த ரெஃப்ரி பின்னால் தள்ளாடிப் போய் விழுந்ததை இன்றைக்கும் வீடியோ போட்டுச் சிரிக்கிறார்கள். தண்டனை 11 ஆட்டம், கூட அபராதம். இதை எழுதுங்கள், உங்கள் கேஸுக்கு ரொம்பப் பக்கம்.

ஆனால் எனக்குப் பெரிய விஷயம் பயிற்சித் தடை. 2014 உலகக் கோப்பையில் இத்தாலியின் கியெல்லினியைக் கடித்த உருகுவே ஆட்டக்காரர் சுவாரெஸுக்கு 9 சர்வதேச ஆட்டத்தோடு நான்கு மாதம் எல்லாக் கால்பந்து வேலையும் தடை. விளையாட்டு நடுவர் மன்றம் நான்கு மாதத்தைக் குறைக்கவில்லை, பயிற்சிக்கும் நட்பு ஆட்டத்துக்கும் மட்டும் கதவைத் திறந்துவிட்டது. பெட்டிங் விதியை 232 தடவை மீறின இங்கிலாந்து ஆட்டக்காரர் ஐவன் டோனிக்கு 2023-இல் எட்டு மாதம். அதிலும் கடைசி நான்கு மாதம் கிளப்போடு பயிற்சி செய்யலாம் என்றார்கள். கடித்தவனுக்கே பயிற்சி உண்டு, தள்ளினவனுக்குக் கிடையாதா?

இன்னொன்று, தடையை வருடக் கணக்கில் கேட்காதீர்கள், ஆட்டக் கணக்கில் கேளுங்கள். வருடம் என்றால் கடலில் இருந்தாலே கழிந்துவிடும். 15 ஆட்டம் என்றால் கரையில் நின்று கழிக்க வேண்டும். ரசிகரை உதைத்த மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர் கான்டோனாவுக்கு 1995-இல் எட்டு மாதத் தடை, கூடவே கோர்ட் 120 மணி நேரச் சேவை போட்டது. அவர் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுத்துத்தான் அதைத் தீர்த்தார். உங்கள் பையன் கையிலும் லைன்ஸ்மேன் கொடியைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பழைய விசில்:

கொடியெல்லாம் வேண்டாம், அதற்குப் படிக்க வேண்டும். பந்து பொறுக்கிப் போடட்டும். 15 ஆட்டம் என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். தள்ளு வாங்கின ரெஃப்ரியைப் போய்ப் பார்த்தீர்களா?

நீரோடிக்காரன்:

நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. நேற்று அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் தலையைத் தூக்கவில்லை, ‘ஸாரி சார்’ என்று மட்டும் சொன்னான். அவர் சாயா கொடுத்தார். தன் ரிப்போர்ட்டில் ‘இரண்டு கையால் தள்ளினார்’ என்று ஒரே வரிதான் எழுதினாராம். இரண்டு வருடம், பயிற்சித் தடை இதெல்லாம் அவருக்கே பிறகுதான் தெரியும். ரிப்போர்ட் நகல் தருகிறேன், அப்பீலோடு வையுங்கள் என்றார். டி கேனியோ கதையைச் சொன்னேன், தெரியும் என்று சிரித்தார்.

திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் இருந்துகொண்டு சொல்கிறான், ‘மாமா, நான் படகுக்குப் பேசி முன்பணம் வாங்கியாச்சு.’ படகு புறப்படுவது புதன்கிழமை. கமிட்டி கூடுவது ஞாயிறு. அவனுடைய பூட்ஸ் என் வீட்டில்தான் இருக்கிறது.