கலைச்சொல்: நஞ்சுக்கொடி முன்பெயர்வு (பிளசென்டல் அப்ரப்ஷன்: பிள்ளை பிறக்குமுன்பே நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரைவிட்டுப் பெயர்வது)

> 'கர்ப்பகால உதிரப்போக்கு' என்றே எழுதிவிடலாமே? தோட்டத்து மக்களுக்குப் புரியும்.

ஐயா, வணக்கம். புரியும், ஆனால் தவறாகப் புரியும். மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கான கையேடு இது. பெயரிலேயே உதிரம் இருந்தால், உதிரம் படாதவர் வீட்டிலேயே படுத்துவிடுவார். கர்ப்பப்பைச் சுவரைவிட்டு நஞ்சுக்கொடி பெயரும்போது இரத்தம் அதன் பின்னாலேயே தேங்கிவிடுவதுண்டு. வெளியே வெறும் கறை. தாய்க்கோ நாடி விரைந்து, முகம் வெளுத்து, இரத்த அழுத்தம் சரியும். விடாத வயிற்றுவலி அல்லது முதுகுவலி, பலகையாய் இறுகிய வயிறு, குறைந்துபோன குழந்தை அசைவு: இவைதான் முதலில் கவனிக்க வேண்டியவை.

'கிழிவு' கூடவே கூடாது. கிழிவது கர்ப்பப்பை, அது வேறு ஆபத்து. 'பிரிவு' மட்டும் போதாது, ஏனென்றால் பிள்ளை பிறந்தபின் நஞ்சுக்கொடி பிரிவது இயல்பே. பிறக்குமுன் பெயர்வதே நோய். ஆகவே 'முன்பெயர்வு'.

> 'நஞ்சு முன்பெயர்வு' எனச் சுருக்கலாமா?

வேண்டாம். டாக்சீமியா எனப்பட்ட பிரீ-எக்லாம்சியாவையும் (கர்ப்பகால உயர் இரத்த அழுத்த நோய்) 'நஞ்சு', 'நச்சு' சேர்த்தே தமிழாக்கி வந்திருக்கிறார்கள். முன்பெயர்வுக்கு அதுவே முக்கியக் காரணங்களுள் ஒன்று. இரண்டும் ஒரே பக்கத்தில் வரும். வயிற்றில் அடிபடுதல், புகைத்தல், முன்பே ஒருமுறை பெயர்ந்திருத்தல் ஆகியவை மற்றக் காரணங்கள்.

நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை ஒட்டியோ மூடியோ கிடக்கும் பிளசென்டா பிரீவியாவுக்குக் 'கீழமை நஞ்சுக்கொடி' என்ற தங்கள் சொல் நன்று. அதில் பெரும்பாலும் வலியில்லாமல் இரத்தம் போகும். அது இல்லையென்று ஸ்கேனில் உறுதியாகும்வரை விரல்விட்டுச் சோதிக்கக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். ஸ்கேன் தெளிவாக இருப்பதால் முன்பெயர்வு இல்லையென்றும் ஆகிவிடாது. புதிய இரத்தக்கட்டி நஞ்சுக்கொடியைப் போலவே தெரியும்.

கிளினிக் டேசா (கிராமப்புற அரசு மருந்தகம்) மிஸ்ஸிகளுக்கான, அதாவது தாதியருக்கான பகுதியில் வரிசை இப்படி இருக்கட்டும்: உடனே 999, இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தல், சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காமை, நரம்பில் 14 அல்லது 16 கேஜ் தடித்த ஊசிக்குழாய் இரண்டு. கர்ப்பப் புத்தகத்தில் உடனே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டியவர் என்பதற்கான சிவப்பு வில்லை ஒட்டுவதோடு நின்றுவிடாமல் தாயோடு கூடவே போக வேண்டும். மருத்துவமனையில் 4 பை இரத்தம் பொருத்தம் பார்த்தல், சிறுநீர் மணிக்கு 30 மில்லியாவது வருகிறதா என்று அளத்தல், ஆர்எச் நெகட்டிவ் இரத்தவகைத் தாய்க்கு ஆன்டி-டி தடுப்பூசி. இரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென் புரதம் லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே போனால் இரத்தம் உறையும் திறன் குலைகிறது என்று கொண்டு, உறைகாரணிகளை ஏற்றத் தொடங்க வேண்டும். குழந்தை உயிரோடிருந்து நெஞ்சுத்துடிப்பு தடுமாறினால் உடனே அறுவை. குழந்தை இறந்து தாய் நிலையாக இருந்தால், பனிக்குடம் உடைத்து இயல்பு பிரசவமே மேல். பிறந்தபின்னும் பெரும் உதிரப்போக்கு வரலாம். கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் தயாராக இருக்கட்டும்.

உறையும் திறன் குலைவதற்கு 'உறைவுக்குலைவு' என்று வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாகக் கிடைத்தால் சொல்லுங்கள்.