ஐடிலில் நடுங்கும் பழைய கார்: பம்பா, இன்ஜெக்டரா, வேறு ஏதாவதா?

ஓடாதவண்டி

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது 1990-கள்ல வந்த கார். நாலு சிலிண்டர், 1.6 லிட்டர், மல்ட்டி பாயிண்ட் இன்ஜெக்‌ஷன். காலையில எடுத்தா நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகுது. பத்து நிமிஷம் ஓடி சூடானதும் வம்பு ஆரம்பம். 850 ஆர்பிஎம்-ல நிக்க வேண்டிய ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடுற வேகம்) 500-க்கு இறங்கி, வண்டியே உதறி, திரும்ப ஏறி, மறுபடி இறங்குது. ஸ்டீயரிங்ல கை வச்சா குளிர்க்காய்ச்சல்காரன் கையைப் பிடிச்ச மாதிரி இருக்கு.

சூடா இருக்கும்போது நிறுத்திட்டு இருபது நிமிஷம் கழிச்சு வந்தா செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்கணும். ஆக்சிலேட்டரை மிதிச்சாத்தான் எடுக்கும், எடுத்ததும் பின்னாடி கறுப்புப் புகை. பெட்ரோல் வாடையும் வருது. மைலேஜ் சொல்ற மாதிரி இல்ல.

பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் மாத்தியாச்சு. த்ராட்டில் பாடி கழுவியாச்சு. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியல. மெக்கானிக் பெட்ரோல் பம்பும், சிலிண்டருக்கு ஒண்ணா பெட்ரோல் தெளிக்கிற நாலு இன்ஜெக்டரும் மாத்தணும்கிறார். மாத்தலாமா?

நெட்டுபோல்ட்டு

மாத்துங்க தம்பி, யோசிக்காதீங்க. சூட்டுல ஸ்டார்ட் ஆகலன்னா பம்புக்குள்ள இருக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கல. வண்டியை நிறுத்தினதும் லைன்ல இருக்கிற பிரஷர் டேங்குக்கே திரும்பிடும். இன்ஜின் சூட்டுல மிச்சப் பெட்ரோல் ஆவியாகி, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரிச்சுக் கொடுக்கிற குழாயான ரெயில்ல ஆவிதான் நிக்கும், அப்புறம் எங்கே எடுக்கும்? வண்டி வயசுதான் பம்புக்கும் வயசு. இந்தக் கதையை நான் எத்தனையோ வண்டியில பார்த்துட்டேன்.

மானி

பம்ப் பலவீனம் என்றால் அது முதலில் ஐடிலில் தெரியாது. இன்ஜினுக்கு மிகக் குறைவாகப் பெட்ரோல் தேவைப்படும் நேரமே ஐடில்தான். மேடு ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும்தான் பம்ப் திணறும், அப்போதுதான் வண்டி இழுக்காமல் நிற்கும். இவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே?

கறுப்புப் புகை, வாடை, மைலேஜ் சரிவு மூன்றும் பெட்ரோல் அதிகம் என்பதற்கான அடையாளங்கள். ஏற்கெனவே நிரம்பி வழிகிற வண்டிக்குப் புதுப் பம்ப் போட்டால் இன்னும் நன்றாக வழியும், அவ்வளவுதான்.

ஓடாதவண்டி, பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் வைத்துப் பாருங்கள். நாலும் கறுப்பா, ஒன்றிரண்டு மட்டும் கறுப்பா? அது தெரிந்தால் பாதி விஷயம் முடிந்தது.

கரிப்பிளக்

நடுவுல நானும் வரேன். ஐடில் ஏறி இறங்கினா நூத்துக்குத் தொண்ணூறு வேக்கம் லீக்தான், அதாவது இன்ஜின் காத்தை உறிஞ்சுற வழியில ஓட்டை விழுந்து வெளிக்காத்து நுழையறது. பழைய வண்டியில ரப்பர் ஹோஸ் எல்லாம் அப்பளம் மாதிரி நொறுங்கும். கார்ப் கிளீனரை மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காத்து போற குழாய்) ஓரமா அடிச்சுக்கிட்டே வாங்க, எங்கே அடிக்கும்போது ஆர்பிஎம் மாறுதோ அங்கேதான் ஓட்டை.

மானி

ஓடுகிற இன்ஜினில், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில், எளிதில் தீப்பற்றும் கார்ப் கிளீனரா? பெட்ரோல் வாடை வேறு வருகிறது என்கிறார். தீயணைப்பானைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

அது இருக்கட்டும். வேக்கம் லீக் என்றால் காற்று கூடும், கலவை மெலியும் (பெட்ரோல் பங்கு குறையும்). இங்கே நடப்பது நேர் எதிர்.

கரிப்பிளக்

காத்தை அளக்கிற சென்சார் இருக்கிற வண்டிக்குத்தான் உங்க கணக்கு சரி. அதுல அளந்ததுக்கு மேல திருட்டுக் காத்து நுழையும், கலவை மெலியும். மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கிற வண்டி வேற ஜாதி. அந்தச் சென்சாருக்குப் போற ஹோஸே வெடிச்சிருந்தா, வேக்கம் குறைஞ்சிருக்குன்னு காட்டும். கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? வண்டி லோடு இழுக்குதுன்னு நினைச்சு பெட்ரோலை அள்ளி ஊத்தும். கறுப்புப் புகை வராம என்ன வரும்? லீக்னாலே மெலிவுன்னு மனப்பாடம் பண்ணாதீங்க சாமி.

மானி

சரிதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஹோஸ் வெடித்திருந்தால் நாலு சிலிண்டருமே சமமாகக் கறுத்திருக்கும். அதனால்தான் முதலில் பிளக்கைப் பாருங்கள் என்றேன்.

வேகத்தடை

யாருமே பெட்ரோலைப் பத்திப் பேசல. இப்போ வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்கிறாங்க. பழைய வண்டி அதுக்குச் செஞ்சதில்ல. டேங்கைக் காலி பண்ணிட்டு நல்ல பெட்ரோல் போட்டுப் பாருங்க.

மானி

எத்தனால் கலந்தால் கலவை மெலியும், தடிக்காது. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், சுத்த எத்தனாலுக்கு 9 பங்குதான். பத்து சதவீதம் கலந்தால் 14.1 பக்கம் வரும். அந்த வித்தியாசத்தை, புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரே சரிக்கட்டிவிடும்.

வேகத்தடை

கலவையை விடுங்க, ரப்பர்? எத்தனால் பட்டா பழைய ரப்பர் ஊறி, வெடிச்சு, பொத்தலாகும். அதுவும் கணக்குல வருமா வராதா?

ஓடாதவண்டி

பிளக் பார்த்துட்டேன். 1, 2 ரெண்டும் அடுப்புக்கரி. 3, 4 வெளிர் பழுப்பு, நல்லா இருக்கு. கரிப்பிளக் சொன்ன மாதிரி அழுத்தம் அளக்கிற சென்சார்தான் என் வண்டியில. அதோட ஹோஸை வளைச்சுப் பார்த்தேன், வெடிப்பு இல்ல. தண்ணீர்ச் சூடு சென்சாரையும் அளந்தேன், சூட்டுல 310 ஓம் காட்டுது, அதுல கோளாறு இல்ல.

ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டரா கழற்றியும் பார்த்தேன். 3, 4-ஐ எடுத்தா வண்டி படுத்துடுது. 1-ஐ எடுத்தா ஒண்ணும் ஆகல, கொஞ்சம் நல்லா கூட ஓடுது!

நெட்டுபோல்ட்டு

முடிஞ்சுது கதை. 1, 2 இன்ஜெக்டர் ரெண்டும் ஒழுகுது. மூடின பிறகும் சொட்டுற இன்ஜெக்டர் இப்படித்தான் பண்ணும்: பிளக் கறுக்கும், நிறுத்தின பிறகு சிலிண்டர்ல பெட்ரோல் சேரும், சூட்டுல எடுக்காது, எடுத்தா கறுப்புப் புகை. இவர் சொன்ன அத்தனையும் பொருந்துது. மெக்கானிக் சொன்னது சரி.

மானி

பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்து இன்ஜெக்டர் இரண்டும் ஒழுகுவது அபூர்வம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டருக்கும் பொதுவான வழி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றுகிறது.

ரெயில் முனையில், பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டர் இருக்கும். அதிலிருந்து ஒரு சின்ன வேக்கம் ஹோஸ் மேனிஃபோல்டுக்குப் போகும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதாவது டயாஃப்ரம்: ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் வேக்கம். அது கிழிந்தால் பெட்ரோல் இன்ஜெக்டர் பக்கமே போகாமல் அந்த ஹோஸ் வழியாக நேராக மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சப்படும். ஹோஸ் எந்தச் சிலிண்டர் பக்கம் சேருகிறதோ அவை குளிக்கும். வேகத்தடை சொன்ன ரப்பர் இங்கேதான் வருகிறது.

வண்டி உதறுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஆக்சிஜன் சென்சார் நாலு சிலிண்டர் புகையையும் கலந்துதான் முகர்கிறது. மொத்தத்தில் பெட்ரோல் அதிகம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் நாலு இன்ஜெக்டரையும் குறைக்கும். 1, 2-க்கு வெளியிலிருந்து வரத்து இருக்கிறது, பட்டினி கிடப்பது 3, 4. குளிர்ந்த இன்ஜினில் அந்தச் சென்சார் இன்னும் வேலையில் இறங்குவதில்லை, தடித்த கலவைதான் அப்போது தேவையும் கூட. காலையில் வண்டி சாதுவாக இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

பிரஷர் கேஜ் இரவல் வாங்க முடிந்தால் ஐடிலில் எவ்வளவு, ஹோஸைக் கழற்றினால் எவ்வளவு, நிறுத்திய பிறகு எவ்வளவு என்று மூன்று எண் சொல்லுங்கள். கேஜைப் பூட்டும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு வண்டி தானாக அணையும் வரை ஓடவிடுங்கள், இல்லையென்றால் முகத்தில் பீய்ச்சும்.

நெட்டுபோல்ட்டு

கேஜ், ஓம், பார்... தம்பி ஓட்டுறது காரா, ராக்கெட்டா? வேலை செய்யறவனுக்குக் கையும் காதும் போதும்.

மானி

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் ஐயா.

ஓடாதவண்டி

கேஜ் கிடைச்சுது. ஐடில்ல 2.4 பார். ஹோஸைக் கழற்றினா 3.0. நிறுத்தின அஞ்சு நிமிஷத்துல பூஜ்யம். ஆனா மானி அண்ணா, கழற்றின ஹோஸ் உள்ளே காய்ஞ்சுதான் இருந்துச்சு. ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்ல.

நெட்டுபோல்ட்டு

கேட்டுக்கோங்க! ஹோஸ் காய்ஞ்சிருக்கு. ரெகுலேட்டர் 2.4-லிருந்து 3-க்கு ஒழுங்கா ஏத்துது, அது பாட்டுக்கு வேலை செய்யுது. பிரஷர் மட்டும் நிக்கல. இன்ஜெக்டர் இல்லன்னா பம்ப் வால்வு. நான் முதல் நாளே சொன்னேன்.

கரிப்பிளக்

நெட்டுபோல்ட்டு அண்ணனுக்கு ஒரு மாலை வாங்கிட்டு வரேன், இருங்க.

மானி

மாலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஐடிலில் வேக்கம் அந்த ஹோஸை இடைவிடாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. கிழிசல் சின்னதாக இருந்தால் பெட்ரோல் ஹோஸில் தங்காது, ஆவியாகி உள்ளே போய்விடும். ஈரமாக இருந்தால் டயாஃப்ரம் போனது உறுதி. காய்ந்திருந்தால் எதுவும் உறுதியில்லை.

இப்படிச் செய்யுங்கள். ஹோஸைக் கழற்றி மேனிஃபோல்ட் பக்கத்தை அடைத்துவிடுங்கள். இன்ஜினை ஓட்டாமல் பம்பின் ரிலேயில் (மின்சார ஸ்விட்சில்) நேரடி இணைப்புக் கொடுத்து பம்பை மட்டும் பத்து நிமிஷம் ஓட்டுங்கள். ரெகுலேட்டரின் அந்தச் சின்ன மூக்கின் கீழ் வெள்ளைத் துணி வையுங்கள். கூடவே ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள்.

துணி காய்ந்திருந்தால், ரெயிலை இன்ஜெக்டரோடு தூக்கி வைத்துச் சொட்டுகிறதா என்று பார்ப்போம். அப்போது நெட்டுபோல்ட்டு ஐயா பக்கம் வந்துவிடுகிறேன்.

ஓடாதவண்டி

ஆறு நிமிஷம் ஒண்ணும் இல்ல. நான் கைவிடப் போனேன். ஏழாவது நிமிஷம் மூக்குல ஒரு முத்து மாதிரி நின்னுச்சு, அப்புறம் சொட்டு. துணியில பெட்ரோல் வட்டம். டிப்ஸ்டிக்கிலயும் பெட்ரோல் வாடை, ஆயில் தண்ணியா இருக்கு, லெவலும் மேல் கோட்டைத் தாண்டிருச்சு.

மானி

ஆயிலை முதலில் மாற்றுங்கள். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. ரெகுலேட்டர் மாற்றும் வரை வண்டியை எடுக்காமல் இருந்தால் நல்லது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்தால் அதுவும் போகும்.

ஓடாதவண்டி

நாலு நாள் கழிச்சு வரேன். ரெகுலேட்டர், அந்த ஹோஸ், ஆயில், ஆயில் ஃபில்டர் மாத்தியாச்சு. ஐடில் 850-ல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. பிளக் 1, 2 ரெண்டும் வெளுத்துக்கிட்டு வருது. நாலு இன்ஜெக்டரும் பழசேதான்.

ஆனா ஒரு விஷயம். சூட்டுல நிறுத்தி எடுத்தா புகை இல்ல, செல்ஃப் மட்டும் நாலஞ்சு செகண்ட் அடிக்குது. கேஜ்ல பார்த்தேன், நிறுத்தின பத்து நிமிஷத்துல 3-லிருந்து 1-க்கு வந்துடுது. மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்புற ரிட்டர்ன் லைன் ரப்பரை கிளாம்ப் போட்டு அமுக்கினாலும் இறங்குது. டேங்கிலிருந்து வர்ற லைனை அமுக்கினா அப்படியே நிக்குது.

நெட்டுபோல்ட்டு

அப்போ என்ன அர்த்தம்? டேங்க் பக்கம் திரும்பிப் போகுது. பம்புக்குள்ள இருக்கிற வால்வுதான். முதல் பதிவுலயே நான் சொன்னது இதைத்தானே?

மானி

சொன்னீர்கள். அது உண்மை. ஐடில் உதறலுக்கு அது காரணமில்லை என்பதும் உண்மை.

நெட்டுபோல்ட்டு

மீசையில மண் ஒட்டலையாக்கும்! சரி, ரெகுலேட்டர் உங்களுது, பம்ப் என்னுது. தம்பி, பம்பை இப்பவே மாத்திடுங்க.

மானி

வால்வு மட்டும்தான் பிடிக்கவில்லை, பம்ப் ஓடும்போது 3 பார் தருகிறது. சாவியை ஆன் வரை திருப்பி, பம்ப் சத்தம் ரெண்டு செகண்டில் நிற்கும் வரை காத்திருந்து, ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். ரெயில் நிரம்பிவிடும். பிறகு செல்ஃப் அடித்தால் உடனே எடுக்கும். வால்வுக்காகப் பம்பையே தூக்கிப் போட வேண்டியதில்லை.

நெட்டுபோல்ட்டு

இன்னைக்கு வால்வு, நாளைக்கு மோட்டார். நடுரோட்டுல நின்னா சாவியை எத்தனை தடவை திருப்பினாலும் நகராது. சரி, மாத்தலன்னா ஒண்ணு மட்டும் கேளுங்க: டேங்க்ல பெட்ரோலைக் கால் பங்குக்குக் கீழ விடாதீங்க. பம்பு குளிர்றதே அது முங்கியிருக்கிற பெட்ரோலாலதான்.

ஓடாதவண்டி

ரெண்டு தடவை சாவி திருப்பிப் பார்த்தேன், முதல் அடியிலயே எடுத்துடுச்சு. இப்போதைக்கு இப்படியே ஓட்டறேன். டேங்கும் நிரப்பிட்டேன் நெட்டுபோல்ட்டு அண்ணா.

கரிப்பிளக்

ஏசி போட்டா ஐடில் இறங்குதான்னு பாருங்க. இறங்கினா ஐடில் கன்ட்ரோல் வால்வு. அதுக்குத் தனி சண்டை போடலாம்.