டெல்லர்மைன் 42: நடு ஃபியூஸைக் கழற்றினால் போதுமா?

பாலைநரி: "நடு ஃபியூஸைக் கழற்றிவிட்டால் டெல்லர்மைன் வெறும் இரும்புத் தட்டு, அலமாரியில் வைக்கலாம்" என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதினார். படித்ததிலிருந்து ஆத்திரம் ஆறவில்லை. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைத் தகர்க்கப் புதைத்த இந்தக் கண்ணிவெடியின் 42 மாடலில், வெடிக்க வைக்கும் இன்னொரு ஃபியூஸை மாட்டப் பக்கவாட்டில் ஒரு குழி, அடியில் ஒரு குழி உண்டு. கண்ணியைத் தூக்குகிறவனைக் கொல்வதற்கென்றே ஜெர்மானியர்கள் வைத்தது அது.

இரும்புப்பெட்டி: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். முழுக் கண்ணி சுமார் 9 கிலோ, அதில் டி.என்.டி. வெடிமருந்து மட்டும் ஐந்தரை கிலோ. என்னுடையதைத் தராசில் வைத்தேன், மூன்றரைதான் வந்தது. உள்ளே காலி. கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

பாலைநரி: எடையை யார் கேட்டது? பக்கவாட்டுக் குழியைக் கேட்டேன். உங்களுடையது காலியாக இருக்கலாம், ஆனால் நீங்கள் எழுதியதை நம்பி மண்ணுக்குள்ளிருந்து எடுத்ததை ஒருவன் வாங்கினால்? எகிப்தின் எல் அலமெய்னில் 1942-ல் ஜெர்மன் தளபதி ரோமெலின் படை புதைத்த கண்ணிகள் ஏறக்குறைய 5 லட்சம். 'பிசாசின் தோட்டம்' என்று அவர்களே பெயர் வைத்தார்கள். போர் முடிந்து எத்தனையோ வருடம் கழித்தும் அங்கே ஆடு மேய்க்கப் போன பெதூயின் நாடோடிகள் கால் இழந்தார்கள். அந்தக் குழி அவ்வளவு சின்ன விஷயமா?

கடலோரம்: 1997 ஒட்டாவா உடன்படிக்கைப்படி கண்ணிவெடி எதையுமே வைத்திருக்கக் கூடாதே?

இரும்புப்பெட்டி: அது ஆளைக் கொல்லும் கண்ணிகளுக்கு. இது டாங்கிக்கு வைப்பது. படித்துவிட்டு வாருங்கள்.

கடலோரம்: படித்துவிட்டுத்தான் கேட்கிறேன். அப்புறம், நீங்கள் போட்ட படத்தில் இருக்கும் மணல் நிறம் நேற்று அடித்தது போல மினுமினுக்கிறது. போன வருடம் உங்களிடம் வாங்கிய தலைக்கவசத்திலும் இதே பெயிண்ட்தான், விரலில் ஒட்டியது.

இரும்புப்பெட்டி: பணம் திருப்பித் தந்தேனா இல்லையா? அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

கடலோரம்: பாதிதான் தந்தீர்கள்.

பாலைநரி: பெயிண்ட் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது முறையாகக் கேட்கிறேன், பக்கவாட்டுக் குழிக்குள் என்ன இருக்கிறது? திருகு மூடி துருப்பிடித்து இறுகிக் கிடப்பது உங்கள் படத்திலேயே தெரிகிறது. அதை நீங்கள் திறந்து பார்க்கவே இல்லை.

இரும்புப்பெட்டி: மூன்றரை கிலோ என்றேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பாலைநரி: குழிக்குள் நுழையும் டெட்டனேட்டர், அதாவது வெடியைத் தூண்டும் குப்பி, விரல் நீளம்கூட இல்லை, அது உங்கள் தராசில் தெரியாது. கையால் திறக்கவும் வேண்டாம், வெடிபொருள் அகற்றும் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இரும்புப்பெட்டி: பத்து வருடமாக அலமாரியில் இருக்கிறது. மூன்றரை கிலோ.

பாலைநரி: பக்கவாட்டுக் குழி?