சமன்பாடு உங்களைத் தடுக்கிவிட்ட இடம் எது?

ஈரோட்டில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். இந்த வருஷம் நடந்ததை நான் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும் சமன்பாட்டைப் போர்டில் எழுதிச் சமன் செய்யச் சொன்னேன். இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. ஒரு பையன் எழுந்து வந்து, தண்ணீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு 2 போட்டுவிட்டு, "சமமாயிடுச்சு மிஸ்" என்றான். எண்ணிக்கை சரிதான். ஆனால் இப்போது அது ஹைட்ரஜன் பெராக்சைடு, புண் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அது. கீழே உள்ள எண்ணைத் தொட்டால் பொருளே மாறிவிடும், முன்னால் மட்டும்தான் எண் போடலாம் என்றதும் பிடித்துக்கொண்டான்.

அடுத்த வாரம் அதே பையன், 2 கிராம் ஹைட்ரஜனுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்குக்கு 1 கிராம் என்று எழுதியிருந்தான். "சமன்பாட்டுலயே 2:1னு இருக்கே மிஸ்?" அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த 2:1 மூலக்கூறுகளின் எண்ணிக்கை, ஆக்சிஜன் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஹைட்ரஜனைப் போல் 16 மடங்கு கனம் என்பதை நான் அழுத்திச் சொல்லவே இல்லை. இரண்டு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன் என்பதால் எடையில் எட்டு மடங்கு, விடை 16 கிராம்.

அதனால் மறுநாள் சமையல் கேஸை எடுத்துக்கொண்டேன். சிலிண்டரில் பியூட்டேனும் புரோப்பேனும் கலந்திருக்கும். கணக்குக்காக எல்லாமே பியூட்டேன் என்று வைத்தோம். பியூட்டேன் 2, ஆக்சிஜன் 13, கார்பன் டை ஆக்சைடு 8, தண்ணீர் 10. ஒவ்வொன்றையும் அதன் மோலார் நிறையால், அதாவது ஒரு மோல் (குறிப்பிட்ட எண்ணிக்கை மூலக்கூறுகள்) எத்தனை கிராம் என்பதால் பெருக்கினால் ஒருபக்கம் 116 + 416, மறுபக்கம் 352 + 180. இரண்டும் 532. சிலிண்டரின் 14.2 கிலோவை இதில் போட்டால் கார்பன் டை ஆக்சைடு சுமார் 43 கிலோ, தண்ணீர் 22 கிலோ.

"14 கிலோ கேஸ்ல இருந்து 65 கிலோ எப்படி மிஸ் வரும்?" என்று ஒரு பெண் கேட்டாள். மிச்சம் 51 கிலோவும் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன் என்று அவளுக்குப் பதில் சொன்னது அந்தப் பையன்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பதில் 1:
டீச்சர், நான் ஐடிஐ படித்தவன். தெர்மிட் வெல்டிங்கில் தண்டவாளம் இணைக்கும் கேங்கில் இருந்தேன். இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும் கலந்து, ஒரு ஜாயின்டுக்கு ஒரு மூட்டை என்று அளந்தே வரும். ஏன் அந்த அளவு என்று நாங்கள் கேட்டதில்லை. என் மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது நோட்டில் போட்டுக் காட்டினாள்: 160 கிராம் இரும்பு ஆக்சைடுக்கு 54 கிராம் அலுமினியம், கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. கிடைப்பது 112 கிராம் இரும்பு, 102 கிராம் அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு. அலுமினா கசடாக மேலே மிதக்கும், உருகிய இரும்பு கீழே இறங்கி இடைவெளியை நிரப்பும். அதை நூறு தடவை பார்த்தவன் நான். அலுமினியம் பாதிதான் இருந்தால் என்றேன். "27 கிராமுக்கு 56 கிராம் இரும்புதான்பா வரும், 80 கிராம் ஆக்சைடு சும்மா கிடக்கும். அலுமினியம்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, முதல்ல தீர்ந்து வினையை நிறுத்துறது அதுதான்" என்றாள். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

பதில் 2:
நான் யாழ்ப்பாணம். சமன்பாட்டில இருந்து அளவு கண்டுபிடிக்கிற இந்தக் கணக்கு எங்களுக்குப் பீசமானம், மோலை மூல் எண்டுதான் எழுதுவம். அம்மப்பா சுண்ணாம்புச் சூளையில வேலை செய்தவர். 100 கிலோ சுண்ணாம்புக்கல்லு முழுசா வெந்தா 56 கிலோ, மற்ற 44ம் காபனீரொட்சைட்டா (உங்கட கார்பன் டை ஆக்சைடு) போயிடும் எண்டு ஏ எல் படிக்கேக்க அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினன். அவர் அதைக் கையாலேயே அறிஞ்சவர். சூளை ஆறினாப் பிறகு ஒவ்வொரு கல்லாத் தூக்கிப் பார்ப்பார். பாரமா இருந்தா உள்ளுக்கு இன்னும் வேகேல்லை எண்டு அடுத்த சூளைக்கு ஒதுக்கி வைப்பார்.