அண்ணாந்து எடுக்கும் மரவுச்சிப் படங்களில் வானம் வெளிறிப்போவதைத் தவிர்ப்பது எப்படி?

பொய்கைக்கரைப்பட்டியான்:
அனைவருக்கும் வணக்கம். அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறும் மலைப்பாதையில் மரங்களின் அடியில் நின்று உச்சிக் கிளைகளைப் படமெடுப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு. இலைகளின் பச்சையும் அவற்றின் இடுக்குகளில் தெரியும் நீலமும் கண்ணுக்கு ஒருசேரப் புலப்படுகின்றன. கேமராவிலோ வானம் வெள்ளைத்தாளாகிவிடுகிறது. அதைச் சரிசெய்தால் இலைகள் கரிக்கட்டையாகிவிடுகின்றன. என்னிடம் இருப்பது தொடக்கநிலை மிரர்லெஸ் கேமராவும் அதனுடன் வந்த 16-50 மி.மீ. லென்ஸும்தான். வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த பல படங்களை ஒன்றாக்கும் எச்.டி.ஆர். முறையில் எடுத்தால் இலை ஓரங்களில் இரட்டை உருவம் விழுகிறது. எந்த அமைப்பை மாற்றுவது? ஃபில்டர் ஏதேனும் வாங்க வேண்டுமா?

சிறுமலைக்காரன்:
ஐயா, கேமராவின் ஒளிமானி தன் முன் இருப்பது கோயில் யானையா வெள்ளைச் சுவரா என்று அறியாது. காட்சியின் சராசரி வெளிச்சத்தை நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரவே முயலும். சட்டகத்தில் வானம் மிகுந்தால் அது வெளிச்சத்தைக் குறைத்து இலைகளைக் கருக்கும். இலைகள் மிகுந்தால் வெளிச்சத்தைக் கூட்டி வானத்தை அழித்துவிடும். ஆகவே தானியங்கி முடிவை நம்பாமல் ஹிஸ்டோகிராமை (இருளிலிருந்து வெளிச்சம் வரை இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடம்) பார்த்து, அதன் வலது ஓரத்தை வானம் தொடும் தறுவாயில் நிற்கும்படி எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தேர்ந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) நீங்களே குறைத்து வையுங்கள்.

ரா கோப்பில், அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பில், எடுப்பது இங்கே கட்டாயம் என்பேன். ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட் அளவு தகவலே வைத்திருக்க, ரா கோப்பு 12 அல்லது 14 பிட் வைத்திருப்பதால், ஐ.எஸ்.ஓ. 100-இல் (ஒளியுணர்திறன் குறைந்த நிலை) எடுத்த இருண்ட இலைகளைப் பின்னர் கணினியில் நன்றாகவே வெளிச்சமாக்கிவிடலாம். முழுதாக வெளுத்துவிட்ட வானத்தில் மீட்பதற்குத் தகவலே இருக்காது.

இரட்டை உருவத்துக்குக் காற்றே காரணம்: அடுத்தடுத்த படங்களுக்கு இடையில் இலை நகர்ந்துவிடுகிறது. இந்த மலையில் இலை அசையாத நேரம் அரிது என்பதால், எச்.டி.ஆரை விட்டுவிட்டு ஒரே ரா படத்தோடு நிற்பதே நல்லது. அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் திறப்பை, எஃப் 8-இல் வையுங்கள். முழுவதும் திறந்து வைத்தால், பிரகாசமான வானத்தை ஒட்டிய இலை விளிம்புகளில் ஊதா நிறக் கசிவு வரக்கூடும்.

வைகைக்கரையாள்:
சிறுமலைக்காரன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எந்த நேரத்தில் மலையேறுகிறீர்கள் என்பதை அவர் கேட்கவே இல்லை. எனக்கு அமைப்புகளைவிட அதுதான் முதன்மையாகப் படுகிறது.

மதுரை ஏறத்தாழ 10 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும், பகல் 12.15 மணியை ஒட்டிச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த நேரத்தில் அண்ணாந்தால் லென்ஸ் சூரியனையே பார்க்கும். எந்த அமைப்பாலும் பெரிதாகப் பயன் இராது. சூரியனை ஒரு தடித்த கிளைக்குப் பின்னால் மறைத்து, ஒளி ஊடுருவும் இளந்தளிர்களை மட்டும் எடுப்பதே அப்போது செய்யத்தக்கது. மார்கழியிலோ நண்பகல் சூரியனும் தெற்கே சாய்ந்து சுமார் 57 பாகை உயரத்தில்தான் இருக்கும். வடக்கு நோக்கி நின்று தலையைச் சாய்த்தால் வெயில் உங்கள் முதுகுப்பக்கத்திலிருந்து இலைகளின் மேல் விழும். வானமும் தன் நீலத்தோடு நிற்கும்.

ஃபில்டர் வாங்குவதானால் வான ஒளியையும் மினுக்கத்தையும் வடிகட்டும் போலரைசர் ஒன்று போதும். பாதி இருண்ட கிராஜுவேட்டட் ஃபில்டரைக் கடைக்காரர் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது தொடுவானக் கோடு உள்ள காட்சிகளுக்கானது, கிளைகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் வானத்துக்கு உதவாது. போலரைசர் சூரியனிலிருந்து 90 பாகை விலகிய வானத்தையே மிகுதியாகக் கருக்கும் என்பதால், சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் தலைக்கு நேர் மேலே உள்ள வானம் அதற்கு நன்றாக வசப்படும். நாவல் போன்ற பளபளப்பான இலைகளின் மினுக்கத்தையும் அது நீக்கும். லென்ஸ் மிக அகலமாகக் காட்டும் 16 மி.மீ. நிலையில் மட்டும் வானத்தின் ஒரு பகுதி பட்டையாகக் கருத்துத் தெரியலாம், 24 மி.மீ. பக்கம் நகர்த்திப் பாருங்கள்.

பொய்கைக்கரைப்பட்டியான்:
இருவருக்கும் நன்றி. பெரும்பாலும் விடுமுறை நாள்களில் பதினொரு மணிக்கு மேல்தான் ஏறுகிறேன். இனி நேரத்தை மாற்றிக்கொள்கிறேன். ஐப்பசி மழைக்காலத்தில் நீலமே இல்லாமல் வானம் முழுவதும் வெள்ளையாக இருக்குமே, அப்போது கேமராவை எடுத்துச் செல்வதில் பயன் உண்டா?

வனவியல் மாணவி:
நிச்சயம் உண்டு. காட்டின் இலையடர்த்தியை அளக்க மிகப் பரந்த கோணத்தைப் பிடிக்கும் மீன்கண் லென்ஸை வானம் நோக்கி வைத்துப் படமெடுக்கும் முறை எங்கள் துறையில் உண்டு. அதற்கு நாங்கள் விரும்புவதே சீரான மேகமூட்டமும் சூரியன் எழுவதற்குச் சற்று முந்திய நேரமும்தான். வெயில் நேரடியாக விழும்போது சில இலைகள் வானத்தின் அளவுக்கே ஒளிர்வதால், எது இலை, எது இடைவெளி என்று பிரிக்க முடியாமல் போகிறது. வெளிச்சம் மிகுந்துவிட்டால் வானம் மெல்லிய இலைகளை விளிம்பிலிருந்து தின்றுவிடும். அளவீட்டில் காடு உண்மையைவிட அடர்த்தி குறைந்ததாகத் தெரியும். இலையையும் வானத்தையும் பிரித்தெடுக்கப் பெரும்பாலும் படத்தின் நீல நிறத் தளத்தை (நீல ஒளியின் பதிவை மட்டும்) பயன்படுத்துகிறோம். இலை நீல ஒளியை உறிஞ்சிவிடுவதால் அங்கே வேறுபாடு தெளிவாக இருக்கும்.

உங்கள் தேவை அளவீடு அல்ல என்பதால், மேகமூட்டத்தில் வானத்தைக் காப்பாற்ற முயல வேண்டியதில்லை. அதில் காப்பாற்ற ஒன்றுமில்லை. காம்பன்சேஷனை 1 முதல் 1.5 வரை கூட்டி, இலைகளின் நிறத்துக்கு ஏற்ப எடுங்கள். அல்லது மாறாக ஒளியைக் குறைத்து, கிளைகளின் கோட்டோவியமாகக் கறுப்பு வெள்ளையில் எடுங்கள். அடிமரத்தை ஒட்டி நின்றால் தண்டும் அடர்ந்த கிளைகளும் சட்டகத்தை நிரப்பி வானத்தின் பங்கைக் குறைத்துவிடும். மழைக்குப் பின் இலைகளிலிருந்து சொட்டும் நீர் நேராக லென்ஸில் விழும் என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

சிறுமலைக்காரன்:
வானத்தைக் காப்பது பற்றி நான் எழுதியது நீல வானத்துக்கு மட்டுமே பொருந்தும். மேகமூட்டத்துக்கு மாணவி சொல்வதே சரி. இன்னொன்று: பழமுதிர்சோலைப் பாதையில் குரங்குகள் மிகுதி. தலை மேலே இருக்கும்போது பையைத் தரையில் வைக்காதீர்கள்.